மூலையில் காய்ந்த காகிதம்

முடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள் அம்சவேணி. கூண்டுக்குள் தொங்கிய தூளியை அவிழ்த்து மடியில் விரித்து, ரப்பர் கையுறையை ஈரமாக்கி மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒரே பக்கமாக வழித்தால் முடி தானாகத் திரண்டு வரும், முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் துணிக்குள்ளேயே போய்ப் பதுங்கிக்கொள்ளும், இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, அவளாகக் கண்டுபிடித்தது. தூளி என்று அவள்தான் சொல்வாள். இந்த வீட்டுப் பெண் தர்ஷினி கனடாவுக்குப் படிக்கப் போகுமுன் தன் பழைய ஜீன்ஸை வெட்டி, நாலு மூலையிலும் கொக்கி தைத்து மாட்டிவிட்டுப் போனது. அதற்கு ஒரு பெயரும் சொன்னாள், வாயில் நிற்கவில்லை. துணி தொங்குகிறது, உள்ளே ஒரு உயிர் சுருண்டு தூங்குகிறது, தூளி இல்லாமல் வேறென்ன. இப்போது அந்த உயிர் தூளியில் தூங்கவில்லை. கூண்டின் பின்மூலையில், விரித்த செய்தித்தாளின் மேல், முதுகைக் கூனிக்கொண்டு வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. முக்குகிறது. கொஞ்சம் விட்டு மறுபடி முக்குகிறது. நிற்கட்டும், பார்க்க வேண்டாம், பார்த்தால் அந்தக் காகிதத்தையும் பார்க்க வேண்டிவரும். வழி, ஒரே பக்கமாக வழி. உள்ளறையில் சுலோச்சனாம்மா தலை காயவைக்கிற மிஷின் ஓடுகிறது. அது ஓடுகிறவரைக்கும் நேரம் இருக்கிறது. தலை காய்ந்ததும் பவுடர், பவுடருக்கு அப்புறம் புடவை, புடவைக்கு அப்புறம் கார். தாம்பரத்தில் சுலோச்சனாம்மாவின் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. "திரும்ப ராத்திரி பத்தாயிடும், நீ அஞ்சு மணிக்குப் பூட்டி சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுத்துடு" என்று காலையிலேயே சொல்லியாயிற்று. இவளும் சரிங்கம்மா என்று சொல்லியாயிற்று. சரிங்கம்மா என்பது மட்டும் அவள் வாயில் எங்கேயும் முட்டாமல் வந்துவிடும்.

வந்த புதிதில் அவள் இதைக் கீரி என்றுதான் நினைத்தாள். கீரி மாதிரியேதான் இருக்கிறது, நீளமாக, காலே இல்லாத மாதிரி குட்டைக் காலாக, மூக்கு மட்டும் ரோஸ் கலரில், கண்ணைச் சுற்றி மை அப்பினதுபோல. கீரி இல்லை அக்கா, ஃபெரட், வெளிநாட்டுப் பிராணி என்றாள் தர்ஷினி. தர்ஷினி இவளை அக்கா என்பாள், இவள் தர்ஷினியை அக்கா என்பாள், யார் பெரியவள் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொண்டதில்லை. பெயர் நூடுல்ஸ். அதைக் கேட்டு அம்சா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், பெற்ற பிள்ளைக்குப் பழைய சோறு என்று பேர் வைக்கிற மாதிரி. கீழே வாட்ச்மேன் தாத்தா தினமும் கேட்பார், "இன்னாம்மா, உன் கீரி பாம்பு புடிக்குமா?" "கோழிக்கறிய மிக்சில அரைச்சு ஊட்டினாதான் துன்னும் தாத்தா." "அட, அது கீரி இல்லம்மா, மாப்பிள்ளை!" அந்தச் சிரிப்போடு லிஃப்ட்டில் ஏறுவாள். பதினோராம் மாடி வருவதற்குள் அந்தச் சிரிப்பு போய்விடும், இந்த வீட்டுக் கதவுக்கு முன்னால் வேறொரு முகம் வேண்டும். சுலோச்சனாம்மா கூண்டு இருக்கிற அறைப் பக்கமே வரமாட்டார். "பெருச்சாளி மாதிரி இருக்கு, எனக்கு மேலெல்லாம் கூசுது, அவ வாங்கி வெச்சுட்டுப் போயிட்டா, நீயே பாத்துக்கோ அம்சா." அதனால் நகம் வெட்டுவதும் காது துடைப்பதும் காகிதம் மாற்றுவதும் இவள்தான். அதன் உடம்பு எவ்வளவு சூடு என்று இந்த வீட்டில் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். தூக்கினால் கையில் தண்ணீர் மாதிரி வழியும். இப்போது வழியவில்லை. காலையில் தூக்கினபோது அடிவயிறு கெட்டியாக, தேங்காய்த் தொட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது. தொட்டதும் கத்திற்று. அது கத்தி அவள் கேட்டதேயில்லை. கீழே விட்டுவிட்டாள். அப்புறம் போய்ப் பாத்திரம் துலக்கினாள். குக்கரை இரண்டு தரம் துலக்கினாள்.

முடிதான் முதலில். தையில் வால் நுனியில் ஒரு விரற்கடை வழுக்கை. சீசனுக்குக் கொட்டும் என்று தர்ஷினி எப்போதோ சொன்ன ஞாபகம், அதுவாக இருக்கும் என்று விட்டாள். மாசியில் வால் முழுக்க எலி வால் ஆயிற்று, கரும்புள்ளி கரும்புள்ளியாக. அப்புறம் இடுப்பு, இரண்டு பக்கமும் ஒரே அளவாக, அளந்து வழித்த மாதிரி. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில்தான் ரசத்தில் முடி கிடந்தது. இவள் முடி. நீளமான ஒற்றை முடி. சுலோச்சனாம்மா திட்டவில்லை. இரண்டு விரலால் எடுத்து, தட்டின் ஓரத்தில் வைத்து, சுவரைப் பார்த்து, "யாரோடதோ" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பாள். அந்த 'யாரோடதோ' மூன்று மாதமாகக் கழுத்துக்குள் கிடக்கிறது. பிள்ளை பெற்று மூன்றாம் மாதத்திலிருந்து அவளுக்குக் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, சீப்பில், தலையணையில், பிள்ளையின் விரலிடுக்கில். அன்றிலிருந்து தலையில் துணி கட்டிக்கொண்டு வருகிறாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒரு முடி, எந்த முடியாக இருந்தாலும், கண்ணில் படக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். சோபா, மிதியடி, ஃபேன் இறக்கை, கூண்டு, தூளி. கூண்டின் முடியையும் சேர்த்துத்தான் வழித்தாள். தன் முடியை எடுத்தபோது அதையும் எடுத்தாள், தன் குற்றம் என்று நினைத்தே எடுத்தாள். தினமும் ஒரு எலுமிச்சம்பழ அளவு, யாரும் பார்க்குமுன்னே. அந்த எலுமிச்சம்பழத்தை யாராவது ஒரு நாள் பார்த்திருந்தால். பெருக்காமல் விட்டிருந்தால். சோம்பேறியாக ஒருத்தி இந்த வீட்டில் வேலை செய்திருந்தால் அந்தப் பிராணி பிழைத்திருக்கும். பிழைத்திருக்கும் என்று ஏன் நினைக்கிறாள், இன்னும் உயிரோடுதானே இருக்கிறது, அதோ, முக்குகிறது. முடியை வெளியே வீசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை, யார் காலிலாவது மிதிபடும். சீவின முடியை விரலில் சுற்றி, தூ தூ தூ என்று மூன்று தரம் துப்பி, சுருட்டி வைப்பாள். வீட்டில் ஆணியில் ஒரு கேரிபேக் தொங்கும், முடிக்குப் பாத்திரம் கொடுக்கிறவன் வரும்வரைக்கும். நூடுல்ஸ் முடியையும் அப்படியே சுற்றி, துப்பி, இடுப்பில் செருகிக்கொண்டு போய் அதே பையில் போட்டாள். போன மாதம் அவன் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, பாதிக்குப் பாதி வெள்ளை முடி, உங்க மாமியார் தலைய மொட்டை அடிச்சியா?" என்றான். பிளாக்கே சிரித்தது. "அய்ய, அவங்க மாமியார் கேட்டா உன் தலைய அடிச்சுருவாங்க" என்றாள் பக்கத்து வீட்டு இந்திரா அண்ணி. அம்சாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் கிடந்ததைப் பார்த்தாள். கறுப்பு ஒரு குவியல், வெளுப்பு ஒரு குவியல். இத்தனையா. இந்த ஊருக்கே தெரியாமல் இத்தனையா அது கொட்டியிருக்கிறது.

அன்றைக்கு ராத்திரிதான் தர்ஷினிக்கு வாய்ஸ் போட நினைத்தாள். போனில் மைக் படத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும், விட்டால் போய்விடும். ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவளுக்கு எழுதுவதைவிட அது சுலபம் என்று தர்ஷினியே காட்டிக்கொடுத்தது. "ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா உடனே சொல்லிடுங்க அக்கா, நீங்கதான் அதுக்கு அம்மா." அமுக்கினாள். அக்கா என்று சொல்ல வாயெடுத்தாள், தன் குரல் கனடா வரைக்கும் போகும் என்று நினைத்ததும் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. விரல் நழுவிவிட்டது. நாலு நொடி ஃபேன் சத்தம் கனடாவுக்குப் போயிற்று. காலையில் பதில் வந்திருந்தது, "அக்கா ஒண்ணும் கேக்கலையே, நூடுல்ஸ் நல்லாருக்கானா?" இவள் ஒரு கட்டை விரல் படம் அனுப்பினாள். மேலே தூக்கின கட்டை விரல். அந்த விரலை இப்போது வெட்டிப் போட்டால் ஆகுமா. போன வாரம் தர்ஷினி வீடியோவில் பார்த்துவிட்டுத்தான் அலறினாள், "அம்மா, அவன் முதுகு என்னாச்சும்மா!" சுலோச்சனாம்மா அப்போதுதான் முதல் தடவையாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். சனிக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியாயிற்று, இந்த மாதிரிப் பிராணி பார்க்கிற டாக்டர் ஊரிலேயே ஒன்றிரண்டு பேர்தானாம். இன்றைக்கு வியாழன். முந்தாநாள் தர்ஷினி நீளமாக ஒரு வாய்ஸ் அனுப்பியிருந்தாள். சமையலறையில் போனை மேடைமேல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் சுலோச்சனாம்மா, பாதியில் கூரியர்காரன் மணியடிக்க, போனை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போனார். போன் தன்பாட்டுக்குப் பேசிற்று. கேட்டவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்சா ஒருத்திதான். "கிட்னிக்கு மேல குட்டியா ஒரு சுரப்பி இருக்கும்மா, அதுல கட்டி மாதிரி வரும், அதனாலதான் முடி கொட்டுது, வால்ல ஆரம்பிச்சு மேல ஏறும். அதுக்கு ஊசி இருக்கு, ஆபரேஷன் இருக்கு, பயப்பட வேண்டாம். ஆனா இவன் ஆம்பளைம்மா. ஆம்பளைக்கு உள்ள வீங்கி, ஒண்ணுக்குப் போற வழி அடைச்சுக்கும். முக்குவான், வராது. அப்படி மட்டும் பாத்தீங்கன்னா சனிக்கிழமை வரைக்கும் வெச்சிருக்காதீங்க, அன்னிக்கே, அந்த நிமிஷமே தூக்கிட்டு ஓடுங்க, ஒரு நாள்கூடத் தாங்கமாட்டான்." சுலோச்சனாம்மா திரும்பி வந்தபோது வாய்ஸ் முடிந்திருந்தது. "என்ன சொல்றா?" என்று போனிடமே கேட்டுக்கொண்டார். "சரி, சனிக்கிழமை டாக்டர் சொல்லிடுவார்." அம்சா கீரையின் தண்டை ஒடித்தாள். நான் கேட்டேன் அம்மா, என்று சொல்லியிருக்கலாம். ஒட்டுக்கேட்டது மாதிரி ஆகிவிடாதா. அப்போது அது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நேற்று மத்தியானம்கூடப் போயிற்று, மஞ்சளாக, காகிதத்தில் கை அகலத்துக்கு. சாயங்காலம்தான்.

சாயங்காலம்தான். நேற்று ஐந்து மணிக்குக் கிளம்புகிறபோது புதுக் காகிதம் விரித்தாள். அது ஓடிவந்து மூலையில் நின்று முக்கிற்று. நின்று பார்த்தாள். ஐந்தே காலுக்கு பஸ், விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு, இந்திரா அண்ணி பிள்ளையை வைத்துக்கொண்டு கறுவிக்கொண்டிருப்பாள், மார் வேறு பால் கட்டி வலிக்கிறது. வரும், இப்போது வரும், என்று பார்த்தாள். ஒரு சொட்டு வந்தது. பொட்டு அளவு. வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினாள். காலையில் வந்து பார்த்தால் காகிதம் போட்டது போட்டபடி. அந்தப் பொட்டு மட்டும் காய்ந்து பழுப்பாக. பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம், கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு ஒருத்தி சிரிக்கிறாள், அவள் முகத்தில்கூட ஈரமில்லை. இதே மாதிரி ஒரு சாயங்காலம் முன்பும் இருந்தது. வேண்டாம், அது வேண்டாம், வழி, ஒரே பக்கமாக வழி. அன்றைக்கும் ஏதோ வேலையாகத்தான் இருந்தாள், மாவு கரைத்துக்கொண்டிருந்தாள், வயிறு முட்டி சிங்க்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று. உள்ளே அமைதியாக இருந்தது. எப்போதும் மாவு கரைக்கும்போது உதைக்கிற பிள்ளை, முதல் பிள்ளை. அதற்கு முந்தின வாரம் இதே மாதிரி பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், நர்சம்மா வயிற்றில் மிஷினை வைத்து டொக் டொக் என்று கேட்கவைத்து, "நல்லாத்தான் இருக்கு. சும்மா சும்மா வந்து நிக்காத, புள்ள தூங்கவே தூங்காதா? உனக்கு மட்டும்தான் வயிறா?" என்றார். வரிசையில் இருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் இந்தத் தடவை தூங்கட்டும் என்று விட்டாள். ராத்திரி தண்ணீர் குடித்துப் பார்த்தாள். சர்க்கரை தின்று பார்த்தாள். இடது பக்கம் படுத்தாள். புருஷன் லோகுவை எழுப்பவில்லை, பாவம், லோடு ஏற்றிவிட்டு வந்து அப்போதுதான் படுத்தான். விடிந்து, குளித்து, இட்லிக்கு ஊற்றி வைத்துவிட்டுத்தான் போனாள். பெரிய டாக்டரம்மா வயிற்றில் கையை வைத்துக்கொண்டே, மெல்ல, திட்டாமல் கேட்டார், "எப்போலேருந்தும்மா அசைவு தெரியல?" நேத்து சாயங்காலத்துலேருந்து. வாய்க்குள் தயாராக இருந்தது. வரிசையில் நிற்கும்போதே நூறு தரம் சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் அதற்கடுத்த கேள்வி அவளுக்குத் தெரியும். அப்ப நேத்தே ஏன் வரல? "காலையிலேருந்து" என்றாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். காலையிலிருந்து என்று அவள் பிள்ளையின் காகிதத்தில் எழுதியிருக்கிறது. இன்னும் எங்கேயோ ஒரு காகிதக் கட்டுக்குள் அது இருக்கும். லோகுவுக்கும் அதுதான் தெரியும், அவள் அம்மாவுக்கும். ஆண் பிள்ளை. தலை நிறைய முடி. துணியில் சுற்றிக் கொடுத்தபோது ஈர முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது, விலக்கிவிடலாம் என்று விரல் போயிற்று, யாரோ வாங்கிக்கொண்டார்கள். அதற்கப்புறம் மூன்றாம் நாள் பால் கட்டிற்று. பிள்ளை இல்லையென்று பாலுக்குத் தெரியவில்லை. மூன்றாம் மாதம் முடி கொட்ட ஆரம்பித்தது. அதற்கும் தெரியவில்லை. உடம்பு தன் கணக்குக்கு எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தது, அவள் வாய்தான்.

அந்தச் சாயங்காலமே சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருப்பானா. யாரும் சொல்லமாட்டார்கள், யாரிடமும் கேட்கவும் முடியாது, கேட்க வேண்டுமென்றால் முதலில் நேற்று என்று சொல்ல வேண்டும். இப்போது இருக்கிற பிள்ளையைத் தூளியில் போடும்போதெல்லாம் துணிக்கு வெளியே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அசைகிறதா, அசைகிறது, அசைகிறதா. இந்திரா அண்ணி கிண்டல் செய்வாள், "தூங்குற புள்ளைய எழுப்பி எழுப்பித் தூங்கவைக்கிறவ இவதான்டி." மடியிலிருந்த முடியைத் திரட்டினாள். எலுமிச்சம்பழம்கூட இல்லை, நெல்லிக்காய். கொட்ட இனி என்ன இருக்கிறது. பழக்கத்தில் விரலில் சுற்றி, துப்பப் போனவள் நிறுத்திக்கொண்டாள். சுலோச்சனாம்மா கெட்டவரில்லை. பிரசவத்துக்கு லீவு கொடுத்தவர், பிள்ளைக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தவர். சொன்னால் அடித்துவிடப் போவதில்லை. ஆனால் கேட்பார். ஏம்மா நேத்தே சொல்லல? கேட்டுவிட்டு, சுவரைப் பார்ப்பார். அந்தச் சுவர். தவிர, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வளைகாப்புக்குப் போகிறவரிடம் ஒண்ணுக்கு, அடைப்பு என்று எப்படிப் பேசுவது, சகுனம் என்று நினைக்கமாட்டாரா, அங்கே மாசமாயிருக்கிற பெண்ணுக்கு நலங்கு வைக்கிற கை. காலையிலேருந்து என்று சொல்லிவிடலாம். இப்பத்தான் பார்த்தேன் என்று. அதற்கடுத்த கேள்வி வராது, யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் டாக்டர் கேட்பார். எப்போலேருந்து? அவர் அதை எழுதிக்கொள்வார். அதை வைத்துத்தான் அவர் இன்னும் நேரம் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வார். அன்றைக்கும் அந்த டாக்டரம்மா அதை வைத்து எதையாவது முடிவு செய்தாரோ. காகிதத்தின் மேல் அது முக்கிக்கொண்டிருந்தது நின்று, மெல்லச் சாய்ந்து, பக்கவாட்டில் படுத்தது. கண் திறந்திருந்தது. மை அப்பின கண். அவளைத்தான் பார்த்தது, அது வேறு யாரைப் பார்க்கும். கூண்டுக்குள் கைவிட்டு விலாவில் வைத்தாள். முடி இல்லாத தோல் வெறுமையாக, சூடாக, பிறந்த பிள்ளையின் தோல் மாதிரி. அசைகிறதா. அசைகிறது. சின்னதாக, வேகமாக, அசைகிறது. உள்ளே மிஷின் நின்றுவிட்டிருந்தது. எப்போது நின்றது? வளையல் சத்தம், பீரோ சத்தம், பட்டு உரசுகிற சத்தம். அவள் அந்தக் காகிதத்தை அதன் அடியிலிருந்து மெல்ல உருவினாள், கிழியாமல், காய்ந்த பொட்டு மேலே தெரிகிற மாதிரி நாலாக மடித்தாள், கையுறையைக்கூடக் கழற்றவில்லை, வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள், இன்னொரு தரம், மூன்றாம் தரம் சொல்லும்போது தொண்டை தானாக

"அம்சா! கொசுவம் பிடிக்க வாம்மா, கார் கீழ வந்துடுச்சாம்!"

"அம்மா," என்றாள், அங்கிருந்தே, எழுவதற்கு முன்னாலேயே, பதினோராம் மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி, "அம்மா, நேத்து சாயங்காலத்துலேருந்து அது